ஆறு பவுண்டு காற்று

டயரைப் பார்த்தே ஓட்டுகிறவரின் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று டயர்க்காரருக்கு ஒரு பெருமை உண்டு. வெறும் வாய்ப்பேச்சு இல்லை அது. முன் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், "வண்டி எங்கியோ பள்ளத்துல இறங்கியிருக்கே, வீட்ல சொல்லலையா?" என்று கேட்பார். வந்தவர் திருதிருவென்று முழிப்பார். பக்கவாட்டில் வெட்டுப்பட்டிருந்தால் நடைபாதைக் கல்லை உரசி நிறுத்துகிற ஆள். இரண்டு ஓரத் தோளும் தேய்ந்து நடு மட்டும் புதிதுபோல இருந்தால் மாதக்கணக்கில் காற்றே பார்க்காத சோம்பேறி. சுற்றுச்சாலை ஓரத்தில், பெட்ரோல் பங்குக்கும் சிமெண்ட் கிடங்குக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட அந்தக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் தப்பாது.

அந்த வியாழக்கிழமை காலை, தன் மனைவியின் நான்கு ரேஸ் டயர்களைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் குந்தியிருந்தார். நான்கும் நடுவில் தேய்ந்திருந்தன. தோள்கள் பாதிகூடத் தேயவில்லை.

டிராக்கில் ஓடிய டயர் இப்படித் தேயக் கூடாது. வளைவுக்கு வளைவு வண்டியின் பாரம் முழுக்க டயரின் வெளித்தோளில்தான் இறங்கும். அதுதான் முதலில் போகும். நடு தேய ஒரே காரணம்தான் உண்டு. தேவைக்கு மேல் காற்று. அப்போது டயர் நடுவில் புடைத்துக்கொண்டு, தோள் ரெண்டும் தரையில் சரியாகப் படாமல், கைப்பிடி அளவு ரப்பரில் வண்டி நிற்கும். நாலைந்து சுற்றில் அந்தக் கைப்பிடி ரப்பரும் கொதித்து எண்ணெய் தடவினதுபோல் வழுக்க ஆரம்பிக்கும். காற்று அடித்தது யார் என்று வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை. அவர்தான் அடித்தார். தெரிந்தே அடித்தார். இந்த சீசன் முழுக்க அடித்தார்.

மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவள். வாரத்தில் ஆறு நாள், அறுபது பேரை ஏற்றிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துவிட்டு வருவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் டெப்போ மெக்கானிக் ஒருவர், ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் டிராக்கில் மாதம் ஒரு நாள் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம் என்று சொல்லப்போக, வேடிக்கை பார்க்கப் போனவள் வீட்டுக் காரிலேயே இறங்கிவிட்டாள். பிறகு ஒரு பழைய சின்னக் கார் வந்தது. பின் சீட்டெல்லாம் பிடுங்கி, உள்ளே இரும்புக் குழாய் பற்றவைத்து, இரண்டு வருஷத்தில் பொழுதுபோக்கு ரேஸ்களிலும் ஓட ஆரம்பித்தாள். அங்கே எல்லோரும் அவளை 'டவுன் பஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேலியாகக் கூப்பிட்டார்கள். நாலு பேரை முந்தின பிறகு மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

அவர்களுக்குள் வேலை பிரித்துக்கொண்டதில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டியரிங் அவளுக்கு, காற்று அவருக்கு. அவள் ஓட்டி முடித்து, வண்டி நிறுத்துகிற பிட்டுக்குள் வந்து நின்றதும், டயர் ஆறுவதற்குள் அவர் ஓடிப்போய் நாலு சக்கரத்திலும் காற்றழுத்தம் பார்க்கிற கேஜை வைத்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார். அவள் சீட்டில் உட்கார்ந்தபடியே நோட்டில் எழுதிக்கொள்வாள். சூடான டயரில் முப்பது இருக்க வேண்டும், அதுதான் அவர்கள் ரெண்டு வருஷம் அடிபட்டுக் கண்டுபிடித்த கணக்கு. அவர் வாசிக்கிற எண்ணை அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்ப்பாளா? டயர்க்காரர் ஆயிற்றே.

போன வருஷக் கடைசியில் மூன்றாவது வளைவில் அவள் வண்டி வழிதவறி மண்ணில் இறங்கியது. இறங்கியது என்று இப்போது சொல்கிறோம். அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது புழுதி மட்டும்தான். அந்தப் புழுதி அடங்குகிறவரை அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவருக்குத்தான் ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் தனக்காகப் போகாமல் நின்றுவிடுவாளோ என்பதும் ஒரு பயம். அடுத்த முறை ரெண்டு பவுண்டு கூட்டி வைத்தார். பிடிமானம் குறைந்தால் அவளே வேகத்தைக் குறைப்பாள் என்பது அவர் கணக்கு. 'முப்பது' என்று வாய் கூசாமல் வாசித்தார். ரெண்டு நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. ஒருநாள் எட்டு.

அவள் வேகம் குறைந்தது என்னவோ உண்மை. வேகம்தான் குறைந்தது, முயற்சி குறையவில்லை. போன ரேஸில் நீண்ட வலது வளைவில் வண்டி தட்டாமாலை சுற்றிப் பின்பக்கமாகப் போய், தடுப்புச் சுவருக்கு முன்னால் நின்றது.

"என்னங்க, பழச அப்படியே முறைச்சுப் பாத்துட்டு இருக்கீங்க?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். மனைவி சீருடையில் நின்றாள். மதிய ஷிஃப்ட்டுக்குப் போகிற வழி. அவர் ஒரு டயரை அவசரமாகத் திருப்பி வைத்தார்.

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமைக்குப் புதுசு போடணும்ல. அதான் பாத்தேன். வா, வந்து சொல்லு, எது போடலாம்?"

டயர் தேர்ந்தெடுப்பது அவர்களுக்கு ஒரு திருவிழா மாதிரி. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சண்டை போடுவார்கள். அலமாரியில் மூன்று ரகம் இருக்கும். கீழ்த்தட்டில் ரோடு டயர்: ஆழமான வரி, கெட்டி ரப்பர், மழையில் நல்ல பிள்ளை, பிடியை விடப்போகிறது என்றால் அரை ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்திவிட்டுத்தான் விடும். மேல்தட்டில் டிராக்குக்கென்றே செய்த மெத்து டயர்: வரியே கிட்டத்தட்ட இல்லை, கட்டைவிரல் வைத்தால் ஒட்டும், ரோட்டில் ஓட்டக் கூடாது, ஏழெட்டு தடவை சூடேறி ஆறினால் கட்டையாகிவிடும், கடைசி நொடி வரை பிடித்திருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும். நடுத்தட்டில் இரண்டும் கலந்த ரகம். அவள் எப்போதும் அதற்குத்தான் வந்து சேருவாள். ஆனால் சும்மா வந்து சேரமாட்டாள். பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற நாலு எண்ணைப் படித்து, எந்த வருஷம் எத்தனையாவது வாரம் செய்தது என்று பார்ப்பாள். "இது போன வருஷ சரக்கு, எனக்கு வேணாம், வேற ஆளப் பாருங்க" என்று கடைக்காரரையே கடைக்காரராக நடத்துவாள். நகத்தால் அழுத்துவாள், முகர்ந்துகூடப் பார்ப்பாள்.

இன்றைக்கு அவள் அலமாரிப் பக்கமே திரும்பவில்லை.

"எது கைல கிடைக்குதோ அதப் போடுங்க."

"என்னது?"

"எது போட்டா என்னங்க? நாலும் வட்டமா இருந்தாச் சரி."

"மேல் தட்டுல புதுசு வந்திருக்கு. பதினாலாவது வாரம். தொட்டுப் பாரேன்."

"நேரமாச்சு, வண்டிய எடுக்கணும்." அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "இதோட சீசன் முடியுது இல்ல? முடியட்டும். ஸ்டெப்னிக்கு அந்தப் பழசயே ஏத்திக்கோங்க, போதும்."

இந்த சீசன் முழுக்க அவர் வேண்டிக்கொண்டது இதைத்தான். அவளாகவே போதும் என்று சொல்ல வேண்டும், அவர் கெட்ட பெயர் எடுக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். ஆனால் அதில் அவருக்கு ஒரு பொட்டு சந்தோஷம் இல்லை. டயரைத் தொடாமல் போகிற மனைவியை அவர் பார்த்ததே இல்லை.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பல் டாக்டர் வந்து இறங்கினார். அவளோடு ரேஸ் ஓட்டுகிற கூட்டத்தில் ஒருவர். வயது முப்பத்தைந்து இருக்கும், கை சுத்தமானவர், கால்தான் பொறுமையில்லாதது. இருப்பதிலேயே மெத்தென்ற டயரை வாங்கி, முதல் ரெண்டு சுற்றில் எல்லோரையும் முந்தி, மூன்றாவது சுற்றில் புல்லில் உட்கார்ந்திருப்பார்.

"அண்ணே, மேல் தட்டுல என்ன இருக்கு?"

"உங்களுக்கு அது எதுக்கு டாக்டர்? கீழ்த்தட்டு டயர் போடுங்க. கத்தும். கத்தினா கேட்டுக்கலாம்."

"நாள் முழுக்க வாயத் திறந்து கத்துறவங்களத்தான் பாக்குறேன். ஞாயித்துக்கிழமையாவது அமைதியா இருக்கணும்ணே." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்காவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"ஏன்?"

"போன தடவ நான் அவங்கள முந்திட்டேன்."

"அதுக்கென்ன?"

"அண்ணே, நான் முந்திட்டேன். நான்! எனக்கே கூச்சமாப் போச்சு. முந்திட்டுத் திரும்பிப் பாத்தேன், வண்டில வேற யாராவது உக்காந்திருக்காங்களான்னு."

டயர்க்காரர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ரிம்மில் டயரை ஏற்றுகிற மெஷினை ஓட விட்டு அந்தச் சத்தத்தில் பேச்சை முடித்துக்கொண்டார். மேல்தட்டு டயர்களை டாக்டருக்கும், நடுத்தட்டு டயர்களை மனைவிக்கும் மாட்டி வைத்தார்.

சாயங்காலம் வீட்டில் அவரும் மகளும்தான். மகள் கல்லூரி இரண்டாம் வருஷம். அவர் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருக்க, அவள் ரொட்டியைச் சுட்டுத் தட்டில் போட்டாள்.

"ப்பா, அம்மா உங்ககிட்ட லெட்டர் விஷயம் சொன்னாங்களா?"

"எந்த லெட்டர்?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொல்லலையா? அப்ப நான் சொன்னதா சொல்லாதீங்க. டெப்போவுக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. நான்தான் டைப் பண்ணிக் குடுத்தேன். ஸ்டியரிங் வேண்டாம், டைம் ஆபீஸ்ல போடுங்க, இல்லன்னா டிக்கெட் கவுண்டர்ல போடுங்கன்னு."

"எதுக்கு?" கையில் கரண்டி அப்படியே நின்றது.

"செவ்வாய்க்கிழமை யாரோ குறுக்க வந்தாங்களாம். அம்மா பிரேக் போட்டதுல நின்னுட்டு இருந்த ஒரு அம்மா விழுந்துட்டாங்க. முழங்கால்ல சின்ன சிராய்ப்புதான், அவங்களே எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஆனா நம்ம அம்மாதான் கேக்கல. கை போச்சுன்னு சொல்றாங்க. கண்ணுக்குத் தெரியறதும் கால் செய்யறதும் ஒண்ணா இல்லையாம். டிராக்லயே தெரிஞ்சுபோச்சாம், அங்க நான் மட்டும்தான, இங்க அறுபது பேருன்னாங்க." மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ப்பா, முட்டை தீயுது."

தீய்ந்த முட்டையையே சாப்பிட்டார். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இருபது வருஷமாக ஒரு விபத்து இல்லாமல் பஸ் ஓட்டினவள். மழையில் தண்ணீர் நின்ற பாலத்தில் பஸ்ஸைத் தொட்டில் மாதிரி இறக்கிக்கொண்டு வந்தவள். அவள் கையை அவளே சந்தேகப்பட வைத்தது ஆறு பவுண்டு காற்று.

"எப்பக் குடுக்கப் போறாளாம்?"

"திங்கக்கிழமை."

உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் மனசு ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காற்றைச் சரியாக வைத்தால் போதுமே? வண்டி பிடிக்கும், அவள் பழையபடி ஓட்டுவாள், கை எங்கேயும் போகவில்லை என்று தெரிந்துகொள்வாள், லெட்டரைக் கிழித்துப் போடுவாள். யாருக்கும் எதுவும் தெரியாமல் முடிந்துவிடும். இந்த யோசனை வந்த பிறகு அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மனுஷன்தானே.

ஞாயிற்றுக்கிழமை வெயில் காலையிலேயே சுள்ளென்று இருந்தது. வறண்ட காற்று, மேகம் ஒரு துணுக்கு இல்லை. டிரெய்லரிலிருந்து காரை இறக்கி, ஜாக்கி போட்டு, புதுச் சக்கரங்களை மாட்டினார். ஆறின டயரில் இருபத்து நாலு, அதற்கு ஒரு துளி மேலே இல்லை. ஓடிச் சூடேறினால் முப்பதில் வந்து நிற்கும். கேஜை நாலு தரம் வைத்துப் பார்த்தார். மனைவி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தூரத்தில் எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சிக்கு இருபது நிமிஷம். ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு வேலியில் நின்றார். மூன்றாவது சுற்றிலேயே வித்தியாசம் தெரிந்தது. நீண்ட வலது வளைவில் வண்டி கோடு போட்ட மாதிரி போயிற்று. இந்த சீசனில் ஒரு நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடிக்குக் கீழே இறங்காதவள், ஐம்பத்தொன்றரையில் வந்தாள். அவள் இதுவரை ஓட்டினதிலேயே நல்ல சுற்று. அவர் ஸ்டாப்வாட்ச்சை மறுபடி மறுபடி பார்த்தார். பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி.

வண்டி உள்ளே வந்தது. கேஜை வைத்து, "முப்பது, முப்பது, இருபத்தொம்பதரை, முப்பது" என்று வாசித்தார். பல நாளுக்குப் பிறகு வாசித்த நிஜ எண்கள். அவள் எழுதிக்கொண்டு இறங்கினாள். குனிந்து டயரைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல டயருங்க."

"டயர் மட்டுமா?" என்றார் ஆசையாக. "ஓட்டினது நீதான?"

"அதே நான்தான போன ரேஸ்லயும் ஓட்டினேன்? புது ரப்பர் போட்டதும் மூணரை விநாடி குறையுதுன்னா அது ரப்பரோட புண்ணியம். யாரு உக்காந்தாலும் இந்த நேரம் வந்திருக்கும்." அவள் கையுறையைக் கழற்றினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்கு டெப்போல ஒரு லெட்டர் குடுக்கப் போறேன். இனிமே பஸ் ஓட்டல."

அவர் கண்டுபிடித்த குறுக்குவழி அங்கேயே முடிந்துபோயிற்று. புது டயரைப் போட்டுக் குற்றத்தை மறைக்கப் பார்த்தார். அந்தப் புது டயரே அவள் கைக்கு வரவேண்டிய பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

"லெட்டர் குடுக்காத."

"ஏன்?"

"உன் கைல ஒண்ணும் இல்ல. காத்துதான் காரணம்."

"என்ன காத்து?"

"நான் அதிகமா வச்சேன். இந்த சீசன் முழுக்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். "கேஜ் கெட்டுப்போச்சா? தப்பாக் காட்டிருச்சா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். கேஜைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வேறொன்று வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். அவர் உதடு அதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது.

"கேஜ் நல்லாத்தான் இருக்கு," என்றார். "வேணும்னேதான் வச்சேன். மண்ணுல இறங்கினியே போன வருஷம், அதுலேருந்து. வண்டி வழுக்கினா நீ மெதுவாப் போவேன்னு நெனச்சேன்."

பக்கத்துப் பிட்டில் யாரோ என்ஜினை உறுமவிட்டு நிறுத்தினார்கள். அவள் ஸ்டெப்னிக்கென்று ஏற்றி வந்திருந்த பழைய சக்கரங்களின் மேல் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் நோட்டை எடுத்து இந்த சீசனின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"முன் இடது முப்பதுன்னு சொன்னீங்க. இப்ப சரியாச் சொல்லுங்க."

"முப்பத்திரண்டு."

"முன் வலது?"

"முப்பத்திரண்டு."

அவள் பழைய எண்ணை அடித்துப் பக்கத்தில் புது எண்ணை எழுதினாள். அடுத்தது கேட்டாள். அவர் சொன்னார். ஒன்றுகூட மறக்கவில்லை. ஐந்து ரேஸ், ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டம், ஓட்டத்துக்கு நாலு சக்கரம். பொய் சொன்னவருக்கு உண்மை இத்தனை துல்லியமாக நினைவிருப்பதைக் கண்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது. பக்கங்கள் முப்பத்து நாலுக்குப் போயின, முப்பத்தாறுக்குப் போயின.

"டாக்டர் என்னய முந்தின அன்னைக்கு?"

"முப்பத்தெட்டு. பின்னாடி ரெண்டும் முப்பத்தெட்டரை."

"அன்னைக்குத்தான வண்டி சுத்திப் பின்பக்கமாப் போச்சு?"

"ஆமா."

"செவுத்துக்குப் பக்கத்துல போயி நின்னேன். எவ்வளவு தூரம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நீங்க பாத்தீங்களா?"

"எல்லாரும் போனப்பறம் போயி அளந்தேன். பதினோரு அடி."

அவள் அதையும் எழுதினாள். நோட்டை மூடினாள்.

"எனக்குப் பயம் வந்துருச்சுன்னு நெனச்சேன்," என்றாள். "வளைவுல கால் நடுங்கும். வயசாயிடுச்சு, அவ்வளவுதான்னு நெனச்சேன். பஸ்ல ஏறினாக்கூட அந்த நடுக்கம் கூடவே வந்துச்சு. அத்தனையும் நீங்க அடிச்சு வச்சதா?"

அவர் கேஜைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மெதுவாப் போனா பத்திரம்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது? பிடிக்காத டயர்ல மெதுவாப் போறது பத்திரமா? கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் நாள் பூரா என்ன சொல்றீங்க?"

"தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சேன். உன் விஷயத்துல மட்டும் என் தொழில் எனக்கு மறந்துபோச்சு."

ரேஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. அவள் எழுந்து, உட்கார்ந்திருந்த சக்கரத்தைக் காலால் தட்டினாள்.

"இதப் போடுங்க."

"இது பழசு. நடுவுல தேஞ்சிருக்கு."

"உள்ள இருக்கிற கம்பி தெரியுதா?"

"தெரியல. ஆனா புதுசு இருக்கும்போது..."

"புதுசுல ஓடினா நாளைக்கு எனக்கு மறுபடி சந்தேகம் வரும். டயரா நானான்னு. நான் வழுக்கினது இதுலதான? இதுலயே ஓடிப் பாக்கறேன்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "தொழில்காரரா சொல்லுங்க. காஞ்ச தரையில, சரியான காத்துல, இது ஓடுமா ஓடாதா?"

அவர் குனிந்து நாலையும் தடவிப் பார்த்தார். உள்பக்கச் சுவரிலும் கை ஓட்டிப் பார்த்தார். வெட்டு இல்லை, வீக்கம் இல்லை. தேயாத தோள்கள் வளைவுக்கு நன்றாகவே உதவும். வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது.

"ஓடும்," என்றார்.

ஜாக்கியில் ஏற்றி, பதினாறு நட்டையும் கழற்றி மாட்டினார். வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசிச் சக்கரத்தை இறக்கிவிட்டு, வழக்கம்போல் கேஜை எடுத்துக்கொண்டு முன் இடது பக்கம் குந்தினார். அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"டாக்டர்!" என்று பக்கத்துப் பிட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "கொஞ்சம் இங்க வாங்க. இதுல எவ்வளவு காட்டுதுன்னு வாசிங்க."

பல் டாக்டர் வந்தார். கேஜையும் பார்த்தார், டயர்க்காரரையும் பார்த்தார். "அக்கா, அண்ணன் இருக்கும்போது நான் எப்படி..."

"வாசிங்க டாக்டர்."

டாக்டர் குந்தி, சொத்தைப் பல்லைத் தேடுகிறவர் மாதிரி கேஜை வால்வில் வைத்து அப்படியும் இப்படியும் சாய்த்தார். கூடுதலாக இருந்த காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியே போயிற்று. "இருபத்தி... மூணா? நாலா? நாலுதான் போல இருக்கு." டயர்க்காரர் ரெண்டடி தள்ளி, கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கூனிக் குறுகிப்போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு சுற்று ரேஸ். அவர் வேலிக்குப் போனார். முதல் ரெண்டு சுற்றில் பல் டாக்டர் முன்னால் போனார், மூன்றாவதில் வழக்கம்போல் புல்லில் உட்கார்ந்தார். டவுன் பஸ் ஏழாவதாகக் கிளம்பி, ஆறு, ஐந்து என்று வந்தது. நீண்ட வலது வளைவில் பின்பக்கம் ஒரு முறை லேசாக விலகியது. அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஸ்டியரிங்கை ஒரு சின்ன அசைவு அசைத்தாள், பஸ்ஸில் தினமும் செய்வதுதான், வண்டி திரும்பிக்கொண்டது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே வேகம். கடைசியில் நாலாவதாக வந்தாள். நல்ல சுற்று ஐம்பத்திரண்டேகால். தேய்ந்துபோன டயரில்.

இறங்கினவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரத்தைக் கேட்டாள். சொன்னார். தலையை மட்டும் ஆட்டினாள். டயரைப் பார்க்கவில்லை, தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் காரை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினார்கள். திரும்பும்போது எப்போதும் அவர்தான் ஓட்டுவார். இன்றைக்கு அவள் டிரைவர் பக்கம் போய் ஏறிக்கொண்டாள். அவர் மறுபக்கம் ஏறி, பழக்கமில்லாத சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி பெரிய ரோட்டில் ஏறியது.

"நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும்," என்றாள். "சீக்கிரம் தூங்கணும்."

லெட்டர் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

"டாக்டருக்கு கேஜ் பிடிக்கத் தெரியல. கோணலா வச்சு அமுக்குறாரு. புதன்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருக்கேன். எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுங்க. அடுத்த சீசன்லேருந்து அவர்தான் எனக்குக் காத்து பாக்கப் போறார்."

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. "எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டார்.

"தெரியல."

"சரி," என்றார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். ஐம்பது வயதில், பையை மடியில் வைத்துக்கொண்டு.

"அழாதீங்க. அந்தப் பக்கக் கண்ணாடிய மறைக்கிறீங்க. டிரெய்லர் தெரியல."

அவர் சட்டென்று சாய்ந்து உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு லாரியை நிதானமாக முந்திவிட்டு இடது பக்கம் வந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் அவர். "நீ டிராக்குல இறங்குற ஒவ்வொரு தடவையும். போன தடவ, இன்னைக்கு, எல்லாத் தடவையும். நீ வெளிய வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு இல்ல."

"இத அப்பவே வாயால சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா நீ நிறுத்திருவியோன்னு இருந்துச்சு."

"நிறுத்தியிருக்க மாட்டேன்." ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஆனா கேட்டிருப்பேன்."

ஒரு பாலம் போயிற்று, ஒரு பெட்ரோல் பங்கு போயிற்று. அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவளே சொன்னாள்:

"சொல்லுங்க. வீட்டுக்கு இன்னும் நாப்பது கிலோமீட்டர் இருக்கு."

அவர் சொல்ல ஆரம்பித்தார்.